பத்திராதிபர்களும் பொதுசன அபிப்பிராயமும்

பொதுசன அபிப்பிராயத்தைக் காட்டும் கண்ணாடியே பத்திரிகை என்று நம் பாடசாலைகளில் மாணவர் கட்டுரை வரைகின்றனர். அதற்குப் புள்ளியும் கிடைத்துவிடுகின்றது. அக்கண்ணாடி எவருடைய சுவரில் மாட்டப்பட்டுள்ளது, அதனைத் தமக்கு வேண்டிய பக்கமாகத் திருப்பி வைப்போர் யாவர் என்னும் வினாக்கள் அக்கட்டுரைகளில் எழுவதில்லை. எழாமைக்கு மாணவரை நோவதிற் பயனில்லை. நம் நாட்டுப் பத்திரிகை வரலாறே பெரும்பாலும் பத்திராதிபர்களின் புகழ்மாலையாகத்தான் எழுதப்பட்டு வந்துள்ளது.

இதற்குத் தக்க சான்று எச். ஏ. ஜே. ஹுலுகல்ல எழுதி 1960இல் வெளிவந்த டி. ஆர். விஜயவர்தனவின் வாழ்க்கை வரலாறு. ஆங்கிலத்தில் அமைந்த அந்நூலின் ஆசிரியர், விஜயவர்தனவின் 'டெய்லி நியூஸ்' பத்திரிகைக்குப் பல்லாண்டு ஆசிரியராக விளங்கியவர். நூலை வெளியிட்டதும் விஜயவர்தன நிறுவிய கம்பனியே. இவ்வாறு முதலாளியின் சரிதத்தை அவருடைய பத்திரிகாசிரியர் எழுத, அவருடைய நிறுவனமே வெளியிட்டது என்ற காரணத்தால் அந்நூலைப் பொய்யெனத் தள்ளிவிட முடியாது. தேர்ந்த பத்திரிகையாளர் ஒருவரின் எழுத்து அது. ஆனால், இந்நாட்டின் மிகப் பெரிய பத்திரிகை நிறுவனத்தைப் பற்றி அறிய விரும்பும் எவரும் அந்நிறுவனத்தின் முன்வாயில் வழியாகவே உள்ளே புகவேண்டியுள்ளது. அச்சுக்கூடத்துத் தொழிலாளி எழுதிய வரலாறோ, பத்திரிகை விற்ற சிறுவன் எழுதிய வரலாறோ நமக்குக் கிடைத்திலது.

'பத்திராதிபர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பழைய வழக்கில் அது பத்திரிகையின் ஆசிரியரையும் உடைமையாளரையும் ஒருங்கே குறித்து நின்றது. எழுதியவரும் அச்சுப்பொறிக்குச் சொந்தக்காரரும் ஒருவராகவோ ஒரு சபையாகவோ இருந்த காலத்துச் சொல் அது. 1841இல் 'உதயதாரகை' தோன்றிய போது, அது அமெரிக்க மிஷனின் பத்திரிகை என்பது யாழ்ப்பாணத்தில் யாவரும் அறிந்ததே. 1889இல் 'இந்து சாதனம்' வெளிவந்த போது, அது சைவபரிபாலன சபையின் குரல் என்பதில் எவருக்கும் மயக்கமிருக்கவில்லை. தெற்கிலோ, 1834இல் தோன்றிய 'ஒப்சேவர்' பின்னர் பெர்குசன் குடும்பத்தார் கைக்கு வந்து, கோப்பித் தோட்டத்துரைமாரின் நலன்களை வெளிப்படையாகவே பேசியது. இவையெல்லாம் பக்கம் சார்ந்த பத்திரிகைகளே. எனினும், தாம் எந்தப் பக்கம் என்பதை அவை மறைக்கவில்லை. 'நாம் எல்லோருக்கும் பொதுவானவர்' என்று கூறும் பத்திரிகை பின்னர் வந்தது. அதனோடு உடைமையாளர் திரைக்குப் பின்னே சென்றார். ஆசிரியர் மட்டும் மேடையில் நின்றார்.

இந்த மாற்றத்தை இலங்கையில் முழுமையாக நிகழ்த்தியவர் விஜயவர்தன. 1886இல் செல்வக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், 1914இல் 'தினமின' என்ற சிங்கள நாளிதழை வாங்கினார். 1918 ஜனவரியில் 'டெய்லி நியூஸ்' வெளிவந்தது. 1923இல் துரைமாரின் பழம் பத்திரிகையாகிய 'ஒப்சேவர்' அவர் வசமாயிற்று. 1930இல் 'சிலுமின', 1932 மார்ச்சில் 'தினகரன்'. பேரை வாவியின் கரையில் எழுந்த மாளிகையால் இந்நிறுவனம் ஏரிக்கரை நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. சர்வசன வாக்குரிமை இந்நாட்டு மக்களுக்கு 1931இல் கிடைத்தது என்பதை இங்கு நினைவிற்கொள்ளல் வேண்டும். அதற்கு முன்னர் ஆட்சியை அசைக்க ஆங்கிலம் கற்ற சில ஆயிரம் பேரிடம் பேசினாற் போதும். பின்னரோ கிராமத்தவனிடமும் பேசவேண்டியதாயிற்று. வாக்குரிமை விரிந்த காலமும் சுதேச மொழிப் பத்திரிகைகள் வளர்ந்த காலமும் ஒன்றாயிருத்தல் தற்செயலானதன்று.

விஜயவர்தனவின் செல்வாக்கு நன்மை எதனையும் செய்யவில்லை என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை. பல்கலைக்கழகத்தைக் கொழும்பில் அமைப்பதா, கண்டிப் பிரதேசத்தில் அமைப்பதா என்று பல்லாண்டு நடந்த போரில், கண்டியின் பக்கம் நின்று ஓயாது வாதாடியது 'டெய்லி நியூஸ்'. இன்று பேராதனையில் மகாவலிக் கரையோரம் மர நிழலிற் பயிலும் மாணவர் அந்தச் செல்வாக்கின் பயனை அனுபவிக்கின்றனர். நம் வாசகர் பலரும் அதனை அனுபவித்தவர்களே. ஆனால், ஒரு தேசத்தின் பல்கலைக்கழகம் எவ்விடத்தில் அமைதல் வேண்டும் என்னும் விடயத்தில் ஒரு தனிமனிதரின் விருப்பு இத்துணை எடைபெறலாமா? அவ்விருப்பு நல்லதாயிருந்தமை நம் நற்பேறு. அவ்வளவே.

குடும்ப உறவுகளையும் சற்று நோக்குவோம். விஜயவர்தனவின் சகோதரியின் மகன் ஜே. ஆர். ஜயவர்த்தனா. மகளின் கணவர் எஸ்மண்ட் விக்கிரமசிங்க 1950இல் விஜயவர்தன மறைந்த பின்னர் நிறுவனத்தின் முதன்மையான சக்தியாக விளங்கினார். அவருடைய மகன் ரணில் விக்கிரமசிங்க. ஆக, ஒரு பத்திராதிபரின் மருமகன் ஒருவரும் பேரன் ஒருவரும் நாட்டின் சனாதிபதிகளாயினர். இவ்விருவரையும் பத்திரிகைதான் உருவாக்கிற்று என்று கூறின் அது மிகை. எனினும் பத்திரிகை, நிலம், வாணிகம், பாராளுமன்றம் என்பன ஒரே விருந்து மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த ஒரு சமூகத்தை இவ்வுறவுமுறை காட்டித் தருகின்றது.

நிற்க. பத்திராதிபரின் அதிகாரம் நாடோறும் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதே நாம் ஊன்றி நோக்கவேண்டியது. முதலாளி காலைதோறும் ஆசிரியபீடத்துக்கு வந்து கட்டளையிடுகின்றார் என்று கருதுதல் பேதைமை. அதற்குத் தேவையேயில்லை. புதிதாகச் சேரும் உதவி ஆசிரியன் ஆறு மாதத்துள் அனைத்தையும் தானே கற்றுக்கொள்வான். எச்செய்தி முதற்பக்கம் ஏறும், எது உட்பக்கத்தின் அடியில் நான்கு வரியாகச் சுருங்கும், எது கூடைக்குள் விழும் என்பதை அவனுக்கு எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. வாசகன் கொடுக்கும் விலை பத்திரிகையின் செலவுக்குப் போதாது. மீதியை விளம்பரதாரர் தருகின்றனர். விளம்பரம் தரும் வங்கியையும் கம்பனியையும் பற்றிய செய்தி எத்தொனியில் அமைதல் வேண்டும் என்பதும் அவ்வாறே பழக்கத்தினால் வந்துவிடும்.

தமிழ் கற்றோர் இங்குச் சொற்களின்மீது கண்வைத்தல் தகும். 'வேலைநிறுத்தத்தால் பொதுமக்கள் அவதி' என்ற தலைப்பை எத்தனை முறை கண்டிருக்கின்றோம்! இத்தொடரிலுள்ள 'பொதுமக்கள்' எவர்? வேலைநிறுத்தம் செய்தவர் அச்சொல்லினுள் அடங்கார். அவருடைய மனைவி மக்களும் அடங்கார். ஒரே வரியில் தொழிலாளி பொதுமக்களுக்குப் புறம்பானவனாகவும் பகைவனாகவும் ஆக்கப்பட்டு விடுகின்றான். பொய்யான தகவல் ஒன்றேனும் அவ்வரியில் இல்லை. பேருந்து ஓடாமற் போனால் மக்கள் அவதியுறுவது உண்மைதானே! 2021 ஜூலை முதல் மூன்று மாதங்களுக்கு மேல் ஆசிரியர், அதிபர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டை நீக்குமாறு கோரி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்ற காலத்து இதழ்களை எடுத்துப் பார்ப்போர், 'மாணவர் கல்வி பாதிப்பு' என்ற தொடரை எளிதிற் காண்பர். அம்முரண்பாடு கால் நூற்றாண்டாகத் தீராதிருந்த வரலாற்றைக் காண வேண்டுமாயின், தேடித்தான் காணவேண்டும். சம்பளம் போதாத ஆசிரியரிடம் பயில்வதும் மாணவர் கல்விக்குப் பாதிப்பே என்று எழுத எழுதுகோல் ஏன் எழவில்லை?

மலைநாட்டைப் பொறுத்தவரை இது இன்னும் கொடிது. தேயிலை விலை, ஏற்றுமதி அளவு, கம்பனிகளின் ஆண்டறிக்கை என்பன வர்த்தகப் பக்கத்தில் இடம்பெறும். லயத்தில் தீப்பற்றினாலோ, குளவி கொட்டி எவரேனும் மாண்டாலோ மட்டுமே அத்தேயிலையைப் பறித்தவள் செய்தியாகின்றாள். 1920களில் கோ. நடேசய்யர் 'தேசபக்தன்' நடத்தியதன் சிறப்பு இப்பின்னணியிலேதான் விளங்கும். புடவை வியாபாரியாக வேடம்பூண்டு தோட்டங்களுட் புகுந்தவர் அவர் என்பது மலையக வரலாறு அறிந்தோர்க்குப் புதிதன்று. துரைமார் படித்த ஆங்கிலப் பத்திரிகைகளில் அவர் குழப்பக்காரர். தம் பத்திரிகையில் அவர் சாட்சி. அப்பத்திரிகைக்குப் பெருமுதலில்லை, விளம்பரமில்லை, நெடிய ஆயுளும் வாய்க்கவில்லை.

இனி, முதலாளியின் பத்திரிகையுள் இருந்துகொண்டே முற்போக்குப் பணி ஆற்ற முடியாதா என்னும் வினா எழும். இதற்கு நம் இலக்கிய வரலாறே ஓர் உதாரணம் தருகின்றது. 1959 முதல் 1961 வரை க. கைலாசபதி 'தினகரன்' ஆசிரியராக இருந்தார். ஏரிக்கரை முதலாளிகளின் தமிழ்ப் பத்திரிகை அக்காலத்தில் ஈழத்து முற்போக்கு எழுத்தாளரின் களமாயிற்று. இந்நாட்டு மண்ணையும் மக்களையும் எழுதவேண்டும் என்ற குரல், தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளின் சுவையிலேயே ஊறிக் கிடந்த வாசகரை வாராவாரம் சென்றடைந்தது. இஃது அரிய சாதனை. ஆயினும் இதனை முதலாளியின் பெருந்தன்மைக்குக் கணக்கெழுதுவார் கூற்றை நாம் ஏற்கோம். தமிழ்ப் பத்திரிகையின் இலக்கியப் பக்கத்தில் வர்க்கப் போராட்டம் நிகழ்வதால் கொழும்பின் அதிகார பீடங்கள் அசையா என்பது ஏரிக்கரையார் அறிந்தது. விற்பனை வளர்ந்தால் அவர்க்கு இலாபமே. 'டெய்லி நியூஸ்' ஆசிரியத் தலையங்கத்தை அவ்வாறு ஒருவரிடம் ஒப்படைத்திருப்பார்களா? ஓர் இடைவெளியைக் கண்டு அதிற் கால் வைத்தமை கைலாசபதியின் மதிநுட்பம். அவர் விலகிய பின்னும் பத்திரிகை முதலாளியுடையதாகவே இருந்தது.

'வீரகேசரி'யின் கதை சற்று வேறு. 1930இல் சுப்பிரமணியம் செட்டியார் தொடங்கிய அப்பத்திரிகை வணிகரின் பத்திரிகை. அதன் பிரசுரப் பிரிவு 1970களில் ஈழத்து நாவல்களைத் தொடர்ந்து வெளியிட்டு, இந்நாட்டு எழுத்தாளர் பலரை முதன்முறையாகப் பரந்த வாசகர் கூட்டத்திடம் சேர்த்தது. சந்தைக்கேற்ற சரக்கும் அவற்றுள் கலந்திருந்தது. இதனை விரிப்பின் பெருகும்.

பத்திராதிபரின் வலிமைக்கும் எல்லையுண்டு. 1956 தேர்தலில் ஏரிக்கரைப் பத்திரிகைகள் ஐக்கிய தேசியக் கட்சியின் பக்கம் நின்றன. அக்கட்சிக்கோ எட்டே ஆசனங்கள் கிடைத்தன. கிராமத்துப் பிக்குவும், சுதேச வைத்தியரும், சிங்கள ஆசிரியரும் வாய்மொழியாகக் கொண்டுசென்ற செய்தி அச்சுச் செய்தியை வென்றது. மக்கள் பத்திரிகையை மீறி முடிவுசெய்ய வல்லவர் என்பதற்கு இது சான்று. ஆனால் அவ்வெற்றியின் முதற் கனி தனிச் சிங்களச் சட்டம் என்பதையும் தமிழ் மக்கள் மறத்தற்கில்லை. முதலாளியின் குரல் தோற்ற இடத்திலெல்லாம் நீதியின் குரல் வென்றுவிடும் என்பது வெறும் நம்பிக்கை.

இதிலிருந்து 1964க்கு வருவோம். அவ்வாண்டு சமசமாஜக் கட்சியைச் சேர்த்துக்கொண்ட சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு, ஏரிக்கரை நிறுவனத்தை அரசு வசமாக்கும் மசோதாவைக் கொணர்ந்தது. டிசம்பர் 3ஆம் திகதி சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பில், சி. பி. டி சில்வாவும் அவரைச் சார்ந்தோரும் எதிரணிக்கு மாற, அரசு ஒரே ஒரு வாக்கால் வீழ்ந்தது. ஆதரவு 73, எதிர்ப்பு 74. அக்கட்சி மாற்றத்தின் பின்னணியில் எஸ்மண்ட் விக்கிரமசிங்கவின் கை இருந்ததென்பது அக்கால அரசியலைப் பதிந்தோர் பலரும் குறித்த விடயம். ஓர் அரசு பத்திரிகையை விழுங்க முனைந்தது. பத்திரிகை அரசை விழுங்கிற்று. பத்திராதிபர் அதிகாரத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை நம் நாட்டு வரலாற்றிற் காண்டல் அரிது.

இங்குத்தான் இடதுசாரிகள் ஆறி அமர்ந்து சிந்திக்கவேண்டிய பகுதி வருகின்றது. 1970இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி, 1973இன் 28ஆம் இலக்கச் சட்டத்தால் ஏரிக்கரை நிறுவனத்தின் பங்குகளில் நூற்றுக்கு எழுபத்தைந்தைப் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் சேர்த்தது. சட்டத்தின் நோக்கம் அந்நிறுவனத்தைப் பரந்த உடைமையுள்ள கம்பனியாக்குதல் எனப்பட்டது. அதாவது, ஒரு குடும்பத்தின் கையிலிருந்து எடுத்துப் பலரிடம் பகிர்ந்தளித்தல். நோக்கம் போற்றத்தக்கதே. எடுத்தல் நடந்தது, பகிர்தல் நடக்கவில்லை. அதே ஆண்டு பத்திரிகைச் சபைச் சட்டமும் வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், எம். டி. குணசேனவின் 'தவச' நிறுவனம் அவசரகால விதிகளின்கீழ் மூடி முத்திரையிடப்பட்டது. அதனோடு 'தினபதி', 'சிந்தாமணி' என்னும் தமிழ்ப் பத்திரிகைகளும் 1977 வரை வாயடைத்துக் கிடந்தன. முதலாளித்துவப் பத்திரிகை ஒழிந்ததென்று அன்று மகிழ்ந்தோர் உண்டு. அவ்வச்சகங்களில் வேலை இழந்த தொழிலாளர் அவ்வாறு மகிழ்ந்திருப்பார்களா?

1977இல் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. ஐக்கிய தேசியக் கட்சி ஆறில் ஐந்து பெரும்பான்மையோடு ஆட்சியைக் கைப்பற்றியது. இடதுசாரிகள் தம் கையாற் கட்டிக்கொடுத்த வாகனம், ஓட்டுநர் ஆசனம் வெறுமையாக, ஜே. ஆர். ஜயவர்த்தனாவுக்குக் காத்திருந்தது. தாயின் சகோதரர் நிறுவிய நிறுவனத்தை அவர் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுப்பானேன்? மாமனார் மருமகனை ஆதரிக்க விரும்பினாலன்றி ஆதரித்திரார். அரச நிறுவனமோ எவர் ஆட்சியிலிருப்பினும் ஆதரித்தே தீரும். அது முதல் எக்கட்சி வந்தபோதும் நிறுவனத்தின் தலைவரும் பணிப்பாளரும் மாறுகின்றனர். முதற்பக்கத்துப் படங்கள் மாறுகின்றன. முதற்பக்கத்தின் பணிவு மாறுவதில்லை. 2022இல் பேரன் சனாதிபதியான போது, பாட்டனார் கட்டிய மாளிகை அரசின் வழியாக அவருடைய ஆட்சியின்கீழ் வந்தது. நாவலாசிரியன் இவ்வாறு கதை பின்னினால், செயற்கையென்று விமர்சகர் கண்டித்திருப்பர்.

தனியார் பத்திரிகையும் அழிந்துவிடவில்லை. விஜயவர்தனவின் மகன் ரஞ்சித் விஜயவர்தன 1979இல் வேறு நிறுவனம் தொடங்கினார். டி. ஆர். விஜயவர்தனவின் சகோதரர் மகனாகிய தொழிலதிபர் உபாலி விஜயவர்தன 1981இல் 'ஐலண்ட்', 'திவயின' என்னும் பத்திரிகைகளைத் தோற்றுவித்தார். ஆக, ஒரு குடும்பத்தின் ஏகபோகத்தை முறிக்க வந்த சட்டம், பத்தாண்டு நிரம்புமுன்னரே அக்குடும்பத்தின் கிளைகளுக்கு இரண்டு நிறுவனங்களையும், அரசுக்கு ஒரு நிறுவனத்தையும் விட்டுவைத்தது.

வடக்கே பத்திரிகையின் விலை வேறு வகையில் வசூலிக்கப்பட்டது. 1959இல் தோன்றிய 'ஈழநாடு', யாழ்ப்பாணப் பொதுநூலகத்தைத் தீக்கிரையாக்கிய அதே 1981 ஜூன் நாட்களில் எரிக்கப்பட்டது. 'உதயன்' அலுவலகத்தில் 2006 மே 2ஆம் திகதி ஊழியர் இருவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். பத்திராதிபரின் அதிகாரம் பற்றிப் பேசுகையில், துப்பாக்கிக்கு முன்னே பத்திரிகையை நாடோறும் வெளியிட்ட ஊழியரின் துணிவை வணங்காது செல்லுதல் தகாது. எனினும் அத்துணிவின் மதிப்பு யார் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றது என்பதையும் கேட்கவே வேண்டும். அப்பத்திரிகையின் உரிமையாளர் 2010 முதல் பத்தாண்டு பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். தேர்தற் காலத்தில் ஒரு வேட்பாளர் பத்திரிகையும் உடையவராயிருக்க, ஏனைய வேட்பாளர்கள் வாயும் துண்டுப்பிரசுரமும் மட்டுமே உடையவராயிருத்தல் சமமான போட்டியன்று. இதனைக் கொழும்பிற் கண்டிக்கும் நாம் யாழ்ப்பாணத்திற் கண்டும் காணாதிருத்தல் முறையாகாது.

மாணவரோடு பயில்வதற்குரிய எளிய முயற்சி ஒன்றைக் கூறுகின்றோம். ஒரே நாளின் 'டெய்லி நியூஸ்', 'தினமின', 'தினகரன்' என்னும் மூன்றையும் மேசையில் அருகருகே விரித்து வைக்கட்டும். மூன்றுக்கும் உடைமையாளர் ஒருவரே, மாளிகையும் ஒன்றே. காணி, தொல்பொருள், மொழி, காணாமற்போனோர் என்னும் விடயங்களுள் ஒன்று செய்தியாகும் நாளைத் தெரிந்துகொள்ளட்டும். எச்செய்தி எம்மொழியில் முதற்பக்கத்தில் உள்ளது, எம்மொழியில் அது இல்லவேயில்லை, எச்சொல் எம்மொழியில் மென்மையாயிற்று என்று அட்டவணையிடட்டும். மும்மொழியும் ஓரளவேனும் அறிந்த மாணவர் கிடைத்தல் அரிதெனின், ஆசிரியர் சிங்களப் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் துணையை நாடலாம். அத்துணையே ஒரு பயன்.

பத்திரிகைகளைத் தூக்கி எறிந்துவிட்டுக் கைத்தொலைபேசியில் செய்தி காணும் இளைஞர், பத்திராதிபர் காலம் முடிந்ததென்று நம்மிடம் வாதிடுகின்றனர். அவர்கள் கைத்தொலைபேசியிற் பகிரும் செய்திகளுட் பெரும்பகுதி இந்நிறுவனங்களின் தளங்களிலிருந்தே வருகின்றது. அதனை வரிசைப்படுத்திக் காட்டும் கம்பனியின் உடைமையாளரோ கடல் கடந்த நாட்டில் வாழ்கின்றார். அவர் முகவரியைக்கூட இவர்கள் அறியார்.

சிறுசஞ்சிகைகள் இதற்கு மாற்றாகுமா எனின், முழுமையாக ஆகா. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை'யைத் தாமே தோளிற் சுமந்து விற்று, 2012 வரை ஏறத்தாழ நானூறு இதழ்களைக் கொணர்ந்தார். முதலாளிக்குப் பணியாத பத்திரிகை நெடுங்காலம் வாழ முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. ஆனால் நாட்டின் அன்றாடச் செய்தியை ஒரு மாத சஞ்சிகை தரவியலாது. நாளிதழை எவர் உடைமையாக்கிக்கொள்வது என்ற வினாவை இலக்கிய ஏடுகளின் தியாகத்தால் தீர்த்துவிட முடியாது.

1973இன் சட்டம் இன்றும் சட்டப் புத்தகத்தில் உள்ளது. பரந்த உடைமை என்ற அதன் சொற்கள் அழிக்கப்படவில்லை. அரை நூற்றாண்டு கடந்தும் அப்பங்குகள் வாசகருக்கோ, அச்சகத் தொழிலாளருக்கோ, ஆசிரியபீடத்தாருக்கோ பகிரப்படவில்லை. சம்பளத்துக்காகவும் பதவி உயர்வுக்காகவும் வீதிக்கு இறங்கும் நம் ஆசிரியர் சங்கங்களும், பத்திரிகைத் தொழிலாளர் சங்கங்களும் இப்பங்குகளைக் கேட்டு ஒரு தீர்மானமேனும் நிறைவேற்றலாகாதா?